தோள் பூட்டிக்கொண்ட வருஷம்

என் வலது தோள் பூட்டிக்கொண்டதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, எட்டாம் வகுப்புப் பெண்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தாறு. கரும்பலகையின் மேல் விளிம்பை ஒட்டி முதல் வரியைத் தொடங்கி, கடைசி வரியைக் கீழ்ச் சட்டத்தில் முடிப்பது என் வழக்கம். பலகையில் ஒரு விரற்கடை இடம்கூட வீணாகக் கூடாது. அந்த ஐப்பசியில் என் முதல் வரி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. எனக்கே அது தெரியவில்லை.

ஒரு நாள் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"டீச்சர், முன்னாடி கீற தலைங்கதான் தெரியுது. கணக்கு தெரியல. கொஞ்சம் மேல எழுதுங்க டீச்சர்."

"மேலதானே எழுதறேன்?" என்று அதட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன். பலகையின் மேல்பாதி துடைத்துவைத்தபடி இருந்தது. என் கணக்கு என் இடுப்பு உயரத்தில் நின்றது.

சாக்பீஸை எடுத்துக்கொண்டு கையை உயர்த்தினேன். மார்பளவு வந்தது. அதற்குமேல் உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல் நின்றுவிட்டது. கை உயர்வதற்குப் பதில் தோள் மொத்தமும் காதை நோக்கிக் கிளம்பியது. வலி மேல்கையின் வெளிப்பக்கம் ஒரு கோடு கிழித்தது. வகுப்பில் யாரோ சிரித்தார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், அதனால் நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

வீட்டில் அதைவிடப் பெரிய சங்கடம் காத்திருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை. ஒரே பெண்ணைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் நெல் மண்டி வைத்திருந்தார். காலையில் மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

"இன்னாங்க, கொஞ்சம் இப்படி வாங்க."

"இன்னா?"

"தலைய பின்னி வுடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். சீப்பைப் பார்த்தார். பிறகு போய்த் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"எவனாச்சும் பாத்தா மண்டியில நாள் பூரா இதையே பேசிக்கினு கெடப்பானுங்க."

அவருக்குத் தெரிந்தது மூட்டை வாய் தைப்பதுதான். என் தலைமுடியையும் அப்படித்தான் பிடித்தார். மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு இழுப்பு. முடித்தபோது என் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறியிருந்தன.

"கண்ணையே மூட முடியலங்க."

"இறுக்கிக் கட்டினாத்தான் சிந்தாது," என்றார்.

அன்று ஆசிரியைகள் அறையில் தமிழ் டீச்சர் என் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "யாரு டீச்சர் பின்னி விட்டது?" என்று கேட்டார். வேலைக்காரி என்று பொய் சொன்னேன். "உடனே ஆளை மாத்துங்க," என்றார். சாயந்திரம் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மனுஷருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளிலிருந்து மண்டியில் ஓய்வாக இருக்கும்போது மூன்று துண்டு கயிற்றை ஆணியில் கட்டிப் பின்னிப் பழகினார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு மாதத்தில் என் பின்னல் ஊரே பார்க்கும்படி ஆகிவிட்டது. தமிழ் டீச்சர் புது வேலைக்காரியின் விலாசம் கேட்டார்.

தோள் மட்டும் அப்படியே இருந்தது. தைலம் தேய்த்தோம். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தோம். கால் முன்னே வரப் பிறந்தவர்கள் காலால் தடவினால் பிடிப்பு விடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற ஒருவர் அப்படிப் பிறந்தவராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து வந்தாள். வந்தவர் வாசற்படியைத் தாண்டவே இல்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"என் பொண்ணு டீச்சராண்டதான் படிக்குது. டீச்சர் மேல என் காலு பட்டா அதுக்குக் கணக்கு வருமா, சொல்லுங்க."

"இப்ப மட்டும் வருதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் முறைத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வரவில்லைதான், ஆனால் அதை அப்பாவிடம் சொல்லும் இடம் இதுவல்ல. கடைசியில் அவர் ஒரு சமாதானத்துக்கு வந்தார். வாசலில் நின்றபடியே என் தோள் இருக்கும் திசையில் காலை மூன்று முறை காற்றில் தடவினார். "இதுவே போதும் டீச்சர், தானா எறங்கிடும்," என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். தோளில் எதுவும் இறங்கவில்லை.

உள்ளூர் டாக்டர் இரண்டு ஊசி போட்டுப் பார்த்தார். பிறகு காகிதத்தில் ஏதோ எழுதி, காஞ்சிபுரத்துக்குப் போகச் சொன்னார்.

"இதுக்கு ஃப்ரோசன் ஷோல்டர்னு பேரு. தோள்பட்டை உறைஞ்சி போயிருக்கு."

"ஐஸ் மாதிரியா?" என்றார் என் வீட்டுக்காரர். "அப்போ வெயில்ல ஒக்கார வெச்சா உருகிடுமா டாக்டர்?"

"உருகாது. ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும். பிசியோதெரபின்னு இருக்கு, அங்க ஒரு பொண்ணு செய்யுது, போய்ப் பாருங்க."

அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். பலமாகக் காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தாள். ஒரு சின்ன மருத்துவமனையின் பின்கட்டில் அவளுக்கு ஒரு அறை. சுவரில் பெரிய சக்கரம், உத்தரத்திலிருந்து தொங்கும் கயிறு, மூலையில் ஒரு மின்சாரப் பெட்டி. என் வீட்டுக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "கெணத்து ராட்டினம் மாதிரி கீது," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

முதலில் சூடு வைக்க வேண்டும் என்றாள். அந்தப் பெட்டியிலிருந்து வரும் இரண்டு ரப்பர் தட்டுகளுக்கு நடுவில் தோளை வைத்தால் உள்ளே சூடு போகுமாம்.

"உடம்புல உலோகம் இருக்கக் கூடாது மேடம். வளையல், வாட்ச், செயின் எல்லாம் கழட்டிடுங்க."

வளையலைக் கழற்றினேன். வாட்சைக் கழற்றினேன். கழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அது தாலிச் செயின்.

"கழட்டேன். நான் இங்கதானே குந்திக்கினு கீறேன்," என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்தபடி. "எங்கியும் ஓடிட மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, வெந்நீரில் கிடந்த ஒரு பையை எடுத்துத் துண்டில் சுற்றித் தோளில் வைத்தாள். "இதுவும் சூடுதான்," என்றாள். அப்போதுதான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

பிறகு தோளை அளக்க ஒரு கருவியை எடுத்தாள். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோணமானி! இருபது வருஷமாக நான் பலகையில் வைத்து வரைகிற அதே கோணமானி, இரண்டு நீளக் கைகள் முளைத்தது போல. ஒரு கையை என் விலாவோடும் இன்னொன்றை என் புஜத்தோடும் வைத்து, "எங்க, தூக்குங்க," என்றாள். தூக்கினேன்.

"எழுபது டிகிரி."

"மையம் நகர்ந்திருக்கு. மறுபடி வை."

வைத்தாள். நானே தலையைச் சாய்த்துப் படித்தேன்.

"அறுபத்தெட்டு. கருணை மார்க்கெல்லாம் போடாதே."

அவள் சிரித்துக்கொண்டே எழுபதை அடித்துவிட்டு அறுபத்தெட்டு என்று எழுதினாள். அன்றிலிருந்து அவள் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை, டீச்சர் என்றாள்.

அதன் பிறகு என்னைப் படுக்கவைத்து, ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடித்து, இன்னொரு கையால் என் கையை மெல்ல ஏந்தி நகர்த்தினாள். அந்த ஒல்லி விரல்களில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ. வலி வருகிற இடத்தில் நிறுத்தி, காத்திருந்து, நூல் அளவு தள்ளி, மறுபடி காத்திருந்தாள்.

"வலிக்கிறப்போ உங்களால பேச முடியுதா டீச்சர்?"

"பேசிக்கிட்டுதானே இருக்கேன்."

"அப்போ அது நல்ல வலி. பேச்சு நின்னுபோற வலி வந்தா உடனே நிறுத்திடணும். அது கெட்ட வலி."

"அப்ப இவளுக்குக் கெட்ட வலியே வராது," என்றார் நாற்காலியில் இருந்தவர்.

புதனும் சனியும் பள்ளி விட்டதும் காஞ்சிபுரம் போவது, மற்ற நாட்களில் வீட்டில் தினம் மூன்று வேளை பயிற்சி என்று ஏற்பாடாயிற்று. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு மாதிரி மேலே ஏற வேண்டும். கதவுக்குமேல் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து வலிக்கிற கையைத் தூக்க வேண்டும். குனிந்து, ஒரு கையை மேசையில் ஊன்றி, மற்றதில் கனம் பிடித்துத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்ட வேண்டும். கனத்துக்கு மண்டியிலிருந்து ஒரு கிலோ எடைக்கல் வந்தது.

ஒரு காலை நேரம் கூடத்தில் குனிந்து கல்லை ஆட்டிக்கொண்டிருந்தேன். பால் ஊற்ற வந்த அம்மா கதவருகில் நின்றாள்.

"இன்னா டீச்சர் தேடறீங்கோ? தோடா?"

பயிற்சியின் நடுவில் எண்ணிக்கை தவறக் கூடாதே என்று நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அது தப்பாகப் போயிற்று. அவள் பால் செம்பை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் குனிந்து தரையைத் தடவத் தொடங்கினாள். பாயைத் தூக்கினாள். பீரோ அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள். நான் ஐம்பது முடித்து நிமிரும்போது அவள் கையில் எப்போதோ தொலைந்த ஒரு சேஃப்டி பின்னும், என் வீட்டுக்காரரின் சட்டைப் பொத்தானும் இருந்தன. இரண்டு காதிலும் தோடு இருப்பதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "காலங்காத்தால பேஜார் பண்றீங்க டீச்சர்," என்றாள். விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. வைத்தியம் என்றால் கசப்பாக ஏதாவது குடிக்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே போனாள்.

பள்ளியில் மதிய இடைவேளையில், காலி வகுப்பறையில் சுவர் ஏறினேன். அதையும் அந்த எட்டாம் வகுப்புப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். விரல் எட்டின இடத்தில் நான் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைப்பேன். இன்று டீச்சர் நேற்றைய கோட்டைத் தாண்டுவாரா, மாட்டாரா என்று புளியங்கொட்டையில் பந்தயம் நடந்தது எனக்குச் சில நாள் தெரியாது. நான் பல்லைக் கடித்து ஏறும்போது பாதிப் பேர், "இன்னும் கொஞ்சம் டீச்சர், அவ்ளோதான் டீச்சர்!" என்று உருகுவார்கள். மீதிப் பேர், "போதும் டீச்சர், வலிக்கும் டீச்சர், நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று அதைவிட அதிகமாக உருகுவார்கள். என் மேல் இவ்வளவு பிரியமா என்று நான் நெகிழ்ந்துபோனேன். ஒரு நாள் ஒருத்தியின் மடியிலிருந்து ஐம்பது அறுபது கொட்டைகள் சரிந்து தரையெங்கும் உருண்டபோதுதான் யாருடைய பிரியம் எந்தப் பக்கம் என்று விளங்கிற்று. ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவரின் மகள்தான் அதிகம் ஜெயித்திருந்தாள். கணக்கு வராத பெண் என்று நான் நினைத்திருந்தவள், என் விரல் ஒரு வாரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று தினம் அளந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து, அதைப் பார்த்துப் பந்தயம் கட்டியிருக்கிறாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். நோட்டைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. அவளைப் பலகைக்குக் கூப்பிட்டு, அந்த எண்களின் சராசரியைப் போடச் சொன்னேன். போட்டாள்.

தை மாதத்தில் கை தொண்ணூறைத் தாண்டியது. அங்கேதான் என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் மீறிப்போயிற்று.

வீட்டில் உதவுவதற்காக அந்தப் பெண் அவருக்கும் பிடிமுறை சொல்லிக் கொடுத்திருந்தாள். தோள்பட்டையை எப்படி அமுக்குவது, கையை எங்கே ஏந்துவது, எங்கே நிறுத்துவது. ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் பாயில் படுத்திருந்தேன். அவர் எண்ணிக்கொண்டே கையைத் தூக்கினார். வழக்கமான இடம் வந்தது.

"போதும்," என்றேன்.

"இன்னும் கொஞ்சம்தான். வந்துனு கீது பாரு, வந்துனு கீது…"

அதற்குமேல் நான் பேசவில்லை. பேச்சு வரவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சட்டென்று கையை விட்டார். அது இன்னும் மோசம்.

ஒரு வாரம் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. தூக்கத்தில் புரண்டால் அலறி எழுந்தேன். இரண்டு மாத உழைப்பு ஒரு நிமிஷத்தில் போய்விட்டதே என்று ஆத்திரம். அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். ஆனால் காலையில் தலை பின்னியாக வேண்டுமே? அவர் சீப்போடு வந்து நிற்பார். நான் திரும்பி உட்காருவேன். ஒரு முடிகூட இழுபடாமல், பூவைத் தொடுகிற மாதிரி பின்னி முடிப்பார். கடைசியில் ரிப்பன் முடிச்சை மட்டும் அவிழ்த்து இரண்டு முறை போடுவார். எனக்குத் தெரியும், அவர் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷர். ஆனாலும் நான் இறங்கிவரவில்லை. நானும் லேசான ஆள் இல்லை.

புதன்கிழமை அந்தப் பெண் அளந்தாள். எழுபத்தைந்துக்கு இறங்கியிருந்தது. நான் எதுவும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க தூக்கினது கையையா, நெல்லு மூட்டையையா?"

ஐம்பத்திரண்டு வயசு மனுஷர், ஊரில் நாலு பேர் மரியாதை கொடுக்கிறவர், எழுந்து நின்றுவிட்டார்.

"சீக்கிரம் சரியாப் போவட்டும்னு பாத்தேம்மா. அவ கஷ்டப்படறத தெனம் பாத்துக்கினு கீறேன். ஒரேயடியா முடிச்சிடலாம்னு…"

"இதுல ஒரேயடின்னு ஒண்ணும் கிடையாது சார்."

"தெரியாம செஞ்சிட்டேன்."

அதை அவளிடம் சொன்னார், பார்த்தது என்னை. "ஒக்காருங்க. சும்மா நின்னுக்கினு," என்றேன். மூன்று நாள் கழித்து நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் உடனே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அதன் பிறகு கையைத் தொடவே பயந்தார். பிடி என்றால், "வாணாம், ஒன்ன மறுபடி ஒடச்சிடுவேன்," என்று ஒதுங்கினார். அந்தப் பெண் அதற்கும் ஒரு வழி செய்தாள். அவருடைய கையை வாங்கி, அவரையே படுக்கவைத்து, என்னை அவர் தோளைப் பிடித்து நகர்த்தச் சொன்னாள். எங்கே நிற்கிறது, எங்கே இடிக்கிறது என்று அவருக்கே உடம்பில் தெரிய வேண்டுமாம். என் நல்ல கையான இடது கையாலேயே அவர் கையை ஏந்தினேன். பழிவாங்க நல்ல சந்தர்ப்பம். கொஞ்சம் அதிகமாகத்தான் தூக்கினேன் என்று நினைக்கிறேன். "அம்மாடி!" என்று கத்தினார். வெளியே காத்திருந்த ஒரு நோயாளி எழுந்து போய்விட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் கை பயப்படவில்லை, அவசரமும் படவில்லை. மாசி போய்ப் பங்குனியில் நூறு வந்தது. சித்திரையில் ஒரு காலை, அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது நானே சீப்பை எடுத்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். போயிற்று. மூன்று முறை இடையில் கையை இறக்கி ஓய்வெடுத்து, கோணலும் மாணலுமாக ஒரு பின்னல் போட்டேன். அவர் ஈரத் தலையோடு வந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வந்தது, பிறகு வேறு ஏதோ வந்தது.

"அப்போ நான் இனிமே வாணாமா?"

"வகிடு நேரா வரல. அத மட்டும் எடுத்துவுட்டுப் போங்க," என்றேன்.

எடுத்துவிட்டார். வகிடு முதலிலேயே நேராகத்தான் இருந்தது.

ஆடியில் கடைசி முறையாகக் காஞ்சிபுரம் போனோம். அந்தப் பெண் அளந்துவிட்டு நூற்று அறுபது என்றாள். இதற்குமேல் வராமலும் போகலாம், ஆனால் வேலைக்கெல்லாம் இதுவே தாராளம் என்றாள். "நூத்துக்கு நூத்தி அறுபது மார்க் வாங்கின ஆள் என் பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் இல்ல," என்றேன். மண்டியிலிருந்து கொண்டுபோன ஒரு மூட்டை புது அரிசியை என் வீட்டுக்காரர் அவளுடைய அறை மூலையில் இறக்கிவைத்தார். அவளோ விடுதியில் சாப்பிடுகிறவள். அத்தனை அரிசியை என்ன செய்வது என்று விழித்தாள். அவள் அம்மா வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அவருக்கு ஜன்னலோரம் ஒரு இடம் கிடைத்தது. என்னை உட்காரச் சொல்லி எழுந்தார். நான் வேண்டாம் என்று அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தேன். பாலாறு தாண்டுவதற்குள் அவர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். திருப்புலிவனத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள்.

"டீச்சர், அங்க எடம் காலியா கீது. குந்துங்க," என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ப்பா."

"கால் வலிக்கப் போவுது டீச்சர்."

வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் தலைக்குமேல் இருந்த கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, பஸ் குலுங்கிய பக்கமெல்லாம் குலுங்கிக்கொண்டு, ஊர் வந்து சேரும்வரை நின்றேன்.